போராட்டம் முடிந்த பிறகு: நார்த்ரிட்ஜில் சிகானோ ஆய்வுத் துறை எப்படி வேர்பிடித்தது

1993 மே மாதக் கடைசியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவில் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மாணவர்கள் சிலர், கூடவே ஒரு பேராசிரியர். மெக்சிகன் அமெரிக்கர்களைப் பற்றிய படிப்பான சிகானோ ஆய்வுக்குத் தனித் துறை வேண்டும் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் அந்த ஏப்ரலில்தான் இறந்திருந்தார். அவருடைய இறுதிச் சடங்கு நடக்கவிருந்த நேரத்தில் பல்கலைக்கழகத் தலைமை 'துறை கிடையாது' என்று அறிவித்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. 14 நாள் பட்டினிக்குப் பிறகு கிடைத்தது சாவேஸ் பெயரில் ஒரு மையம். துறை என்ற அந்தஸ்து வந்து சேர 2005 ஆகிவிட்டது.

யூசிஎல்ஏவிலிருந்து வடக்கே மலையைத் தாண்டினால் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. அங்கே நார்த்ரிட்ஜ் என்ற புறநகரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் அப்படியொரு துறை 1969 முதலே நடந்துகொண்டிருந்தது. சொந்தப் பேராசிரியர்கள், சொந்த பட்ஜெட், சொந்தப் பாடங்கள் எல்லாம் அதற்கு இருந்தன. பணத்திலும் பேரிலும் ஆய்வு வசதியிலும் யூசிஎல்ஏவின் பக்கத்தில்கூட நிற்க முடியாத கல்லூரி அது. பெரிய இடத்தில் 24 ஆண்டுகளாக நடக்காதது சின்ன இடத்தில் எப்படி நடந்தது?

பதிலில் பாதி அந்தக் காலத்துக் கொந்தளிப்பில் இருக்கிறது. மீதிப் பாதி ரொடோல்ஃபோ அகூன்யா என்ற வரலாற்றாசிரியரிடம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கோபத்தையும் புத்தகத்தையும் வழக்கையும்தான் எழுதுகிறார்கள். என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை வேறு. கல்லூரி அலுவலகத்தின் கணக்குப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளத்தாக்கு

இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வு புரியாது. கலிஃபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் பகுதி. அந்த ஆண்டு குவாடலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தின்படி, தோற்றுப்போன மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பதிலுக்குக் கிடைத்தது ஒன்றரைக் கோடி டாலர். நிலத்தோடு அதில் வாழ்ந்த மக்களும் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்களும், 20ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்ததுதான் மெக்சிகன் அமெரிக்கச் சமூகம். அரசியல் உணர்வோடு தங்களைச் 'சிகானோ' என்று அழைத்துக்கொண்டது 1960களின் தலைமுறை.

சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டம். பழம் பறித்தவர்களிலும் பெட்டியில் அடுக்கியவர்களிலும் பெரும்பகுதி மெக்சிகர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோட்டங்கள் மனைகளாயின. விமானத் தொழிற்சாலைகள் வந்தன, வெள்ளைக்கார நடுத்தர வர்க்கம் குடியேறியது. கறுப்பர்களும் மெக்சிகர்களும் வீடு வாங்க முடிந்த இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் முக்கியமானது பள்ளத்தாக்கின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பக்கோய்மா. மற்ற இடங்களில் பத்திரத்திலேயே இன்ன இனத்தாருக்கு விற்கக் கூடாது என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த எழுத்து சட்டப்படி செல்லாது என்றான பிறகும் தரகர்கள் அதை வாய்ப்பேச்சில் காப்பாற்றினார்கள்.

சான் ஃபெர்னாண்டோ வேலி ஸ்டேட் காலேஜ் 1958இல் தனிக் கல்லூரியானது. 1972இல்தான் இன்றைய பெயரான கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், நார்த்ரிட்ஜ் என்று மாறியது. பழைய ஆரஞ்சுத் தோட்டத்தின் ஒரு துண்டு இன்னும் வளாகத்துக்குள் இருக்கிறது. அந்த மரங்களைப் பராமரித்தவர்களின் பேரப்பிள்ளைகளோ 1967 வாக்கில் அந்த வகுப்பறைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருந்தார்கள். மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டம் ஏணி மாதிரிப் படி வைத்திருந்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி வளாகங்கள், மேல் மூன்றில் ஒரு பங்குக்கு நார்த்ரிட்ஜ் போன்ற ஸ்டேட் காலேஜ்கள், மற்ற எல்லாருக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. வடிகட்டல் பள்ளியிலேயே முடிந்துவிட்டது. மெக்சிகன் பிள்ளைகளைத் தச்சுப் பட்டறைக்கும் தையல் வகுப்புக்கும் அனுப்பிவிடுவது கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் சாதாரண விஷயம்.

1968

அந்தப் பள்ளிகளில்தான் முதலில் வெடித்தது. 1968 மார்ச்சில் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன் உள்ளிட்ட உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். லிங்கன் பள்ளியின் ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களோடு நின்றார், அதற்காகக் கைதாகி வேலையையும் இழந்தார், போராடித்தான் திரும்பப் பெற்றார். தங்கள் வரலாறு பாடத்தில் வேண்டும் என்பது மாணவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸிலேயே இருந்த இன்னொரு ஸ்டேட் காலேஜில் மெக்சிகன் அமெரிக்க ஆய்வுகள் தொடங்கின. ஆகவே நார்த்ரிட்ஜ் 'முதல்' துறை அல்ல. அந்தப் பட்டத்தை அதற்குச் சூட்டத் தேவையும் இல்லை.

நார்த்ரிட்ஜில் தீப்பொறி விழுந்தது விளையாட்டு மைதானத்தில். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின்போது வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர் கறுப்பின வீரர் ஒருவரை உதைத்தார் என்ற புகார். 1968 நவம்பர் 4 அன்று கறுப்பின மாணவர் சங்கத்தினர் நிர்வாகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியைக் கைப்பற்றினார்கள். தற்காலிகத் தலைவராக இருந்த பால் பிளம்க்ரன் அவர்கள் நீட்டிய கோரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு, மிரட்டலில் போட்ட கையெழுத்து செல்லாது என்று பின்வாங்கினார். மாணவர்கள் மீது ஆள்கடத்தல் உள்ளிட்ட கடுங்குற்ற வழக்குகள் பாய்ந்தன, சிலர் சிறைக்குப் போனார்கள். 1969 ஜனவரியில் வளாகத்தில் கூட்டம் கூடத் தடை வந்தது. தடையை மீறிய 286 பேர் ஒரே நாளில் கைதானார்கள்.

இந்தப் போராட்டத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் கறுப்பின மாணவர்கள். அதைச் சொல்லாமல் சிகானோ துறையின் கதையைச் சொல்வது நேர்மையல்ல. அன்றைக்கு யுமாஸ் என்ற பெயரில் இயங்கிய மெக்சிகன் அமெரிக்க மாணவர் அமைப்பு எண்ணிக்கையில் சிறியது. அது தனியாக நின்றிருந்தால் நிர்வாகம் காது கொடுத்திருக்காது. ஜனவரிக் கைதுகளுக்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் கறுப்பின ஆய்வுத் துறை, சிகானோ ஆய்வுத் துறை என இரண்டுக்கும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வழக்கமான மதிப்பெண் வடிகட்டலுக்கு வெளியே ஏழை மாணவர்களைச் சேர்க்கும் கல்வி வாய்ப்புத் திட்டத்தை விரிவாக்கவும் சம்மதித்தது. துறையும் சேர்க்கையும் ஒரே ஒப்பந்தத்தில் வந்தன என்பது பின்னால் மிகப் பெரிய விஷயமாகப் போகிறது.

ஆள் யார்

1932இல் பாயில் ஹைட்ஸில் பிறந்தவர் அகூன்யா. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய, யூதர்களும் மெக்சிகர்களும் ஜப்பானியர்களும் கலந்து வாழ்ந்த பகுதி அது. பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேட் காலேஜில் படித்து, பள்ளத்தாக்குப் பகுதியிலேயே பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு இரண்டாண்டுக் கல்லூரியான பியர்ஸில் பாடம் எடுத்தார். வேலை பார்த்துக்கொண்டே தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க வரலாற்றில் ஆய்வு செய்து 1968இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆளுநராக இருந்த இக்னாசியோ பெஸ்கெய்ரா. அதற்கு முன்பே, 1966இல், மவுண்ட் செயின்ட் மேரீஸ் கல்லூரியில் மெக்சிகன் அமெரிக்க வரலாறு என்று ஒரு வகுப்பு நடத்தியிருந்தார்.

வாழ்க்கைக் குறிப்பாகப் படித்தால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. 1969இல் ஒரு துறையைத் தொடங்க ஆள் தேடியவர்களின் கண்ணோடு பாருங்கள். முனைவர் பட்டம் பெற்ற மெக்சிகன் அமெரிக்கர்களே அன்று அபூர்வம். அதிலும் வரலாறு படித்தவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர், அந்தப் பகுதியின் சமூக அமைப்புகளில் புழங்கியவர், போராட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசக்கூடியவர், நிர்வாகமும் சான்றிதழைப் பார்த்து மறுக்க முடியாதவர் என்றால் எத்தனை பேர் தேறுவார்கள்? வயது 37. மாணவர்களைவிட ஒரு தலைமுறை மூத்தவர். அகூன்யா வந்து சேர்ந்தபோது சண்டையின் முதல் சுற்று முடிந்திருந்தது. கையில் இருந்தது நிர்வாகத்தின் வாக்குறுதி ஒன்று மட்டும்.

வாக்குறுதி காலாவதியாகிற வேகம் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடை விடுமுறை வந்தால் போராட்டக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவார்கள். டீன்கள் மட்டும் அங்கேயே இருப்பார்கள்.

துறையா, மையமா

அந்த 1969 ஏப்ரலில் சான்டா பார்பராவில் சுமார் நூறு மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி, கலிஃபோர்னியா முழுவதற்கும் சிகானோ கல்விக்கான திட்டம் ஒன்றை எழுதினார்கள். 'பிளான் தே சான்டா பார்பரா' என்று பெயர். சிதறிக் கிடந்த மாணவர் அமைப்புகள் மெச்சா என்ற ஒரே பெயருக்கு மாறியதும் அங்கேதான். அந்தக் காலத்தின் உணர்ச்சியும் லட்சியமும் அந்த ஆவணத்தில் இருக்கின்றன. ஆனால் திட்டத்தை அமலாக்கிய விதம் வளாகத்துக்கு வளாகம் மாறியது. யூசிஎல்ஏவில் ஆய்வு மையம் வந்தது, பிறகு பல துறைகள் சேர்ந்து நடத்தும் பட்டப்படிப்பு வந்தது. பாடம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் வரலாற்றுத் துறையிடமோ சமூகவியல் துறையிடமோ கேட்க வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுத்தால் உண்டு. நிரந்தரப் பணியில் ஒருவரை எடுக்கும் அதிகாரமும் அந்தப் பழைய துறைகளிடமே இருந்தது. ஆட்கள் குறைந்து குறைந்து, கடைசியில் புதிய மாணவர் சேர்க்கையையே ஒரு கட்டத்தில் நிறுத்திவைத்தார்கள். 1993 உண்ணாவிரதத்தின் பின்னணி இதுதான்.

நார்த்ரிட்ஜில் அகூன்யா ஆரம்பத்திலேயே துறைக்குக் குறைந்த எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. துறை என்றால் ஆள் எடுக்கலாம், பதவி உயர்வைப் பரிந்துரைக்கலாம், பாடங்களை முன்மொழியலாம், ஆசிரியர் பிரதிநிதிகளின் மன்றமான கல்லூரி செனட்டில் உட்கார்ந்து ஓட்டுப் போடலாம். அடுத்து, நாலைந்து பாடங்களோடு அடக்கமாகத் தொடங்கவும் அவர் தயாராக இல்லை. வரலாறு, இலக்கியம், கல்வி, அரசியல், சமூகவியல், கலை, மதம், மொழி என்று 40க்கும் மேற்பட்ட பாடங்களைத் தயாரித்து ஒப்புதலுக்கு அனுப்பினார். இது தனிக்காட்டு ராஜாவாகும் ஆசை என்று அப்போதே சிலர் முணுமுணுத்திருப்பார்கள். உள்ளே ஒரு தெளிவான கருத்து இருந்தது. சிகானோ ஆய்வு என்பது வரலாறு மாதிரியோ பொருளாதாரம் மாதிரியோ ஒற்றைப் புலம் அல்ல, ஒரு மக்கள் கூட்டத்தைப் பல புலங்களின் வழியே படிப்பது என்று அகூன்யா கடைசிவரை வாதாடினார். லத்தீன் அமெரிக்க ஆய்வில் பயிற்சி பெற்றவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. அதிலெல்லாம் ஒரு பிராந்தியத்தை எடுத்துக்கொண்டு வரலாறும் மொழியும் அரசியலும் சேர்த்தே படிப்பார்கள். பிராந்தியம் இருந்த இடத்தில் ஒரு சமூகத்தை வைத்தார், அவ்வளவுதான்.

இனித்தான் கணக்கு. ஸ்டேட் காலேஜ் அமைப்பில் ஒரு துறைக்குப் பணமும் பணியிடமும் ஒதுக்குவது எத்தனை பேர் அந்தத் துறையில் பட்டம் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் வைத்து அல்ல. அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள் என்பதே பெரிய அளவுகோல். ஒவ்வொரு பாடத்தின் எடையையும் யூனிட் என்ற அளவால் குறிப்பார்கள்; ஒரு செமஸ்டரில் 15 யூனிட் படிப்பு ஒரு முழுநேர மாணவருக்குச் சமம். 40 பேர் இருக்கும் மூன்று யூனிட் வகுப்பு 120 யூனிட், அதாவது எட்டு முழுநேர மாணவர்களின் கணக்கு. அந்த 40 பேரில் 38 பேர் பொறியியலோ கணக்கியலோ படித்தாலும் கவலையில்லை. உட்கார்ந்திருப்பது எந்தத் துறையின் வகுப்பில் என்பதே பேச்சு. இந்தச் சூத்திரம் புரிந்துவிட்டால் அடுத்த அடி தானாக வரும். எல்லா மாணவர்களும் கட்டாயம் எடுத்தாக வேண்டிய பாடங்களில் உன் துறையும் ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

நார்த்ரிட்ஜின் சிகானோ துறை செய்தது அதைத்தான். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கட்டுரை எழுதும் பாடத்தை அங்கே ஆங்கிலத் துறை மட்டும் நடத்துவதில்லை. சிகானோ துறையும் கறுப்பின ஆய்வுத் துறையும் பின்னால் வந்த ஆசிய அமெரிக்கத் துறையும் நடத்துகின்றன. மேடைப் பேச்சுப் பாடமும் அப்படியே. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கும் எவரும் அமெரிக்க வரலாறும் அரசியல் சட்டமும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அரசியல் சட்டப் பிரச்சினைகளைச் சிகானோ அனுபவத்தின் வழியாகச் சொல்லித்தரும் பாடம் ஒன்று அந்த விதியை நிறைவு செய்யும் பட்டியலில் இருக்கிறது. மெக்சிகோவையும் அமெரிக்காவையும் சேர்த்துப் படிக்கும் அமெரிக்கக் கண்ட வரலாற்றுப் பாடமும் இருக்கிறது.

இதைத் தந்திரம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வாய்ப்புத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிய தடை எழுத்துதான். பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் ஒழுங்காக ஒரு கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிவைத்திருந்தார்கள். முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலத் துறையில் தோற்று வெளியேறினால், சேர்க்கை ஒப்பந்தம் வெறும் காகிதம். அதே கட்டுரைப் பாடத்தைத் தன் அம்மாவின் தொழிற்சாலை வேலையைப் பற்றியோ தன் தெருவைப் பற்றியோ எழுதச் சொல்லி ஆரம்பித்து, வாதம் அடுக்குவதுவரை கொண்டுபோனால் பிள்ளை நிற்கும். பிள்ளை நின்றால் யூனிட் கணக்கு நிற்கும், யூனிட் நின்றால் பணியிடம் நிற்கும். துறை என்பது முதலில் பாடம் நடத்தும் இடம், ஆய்வுக் கட்டுரை அச்சிடும் இடம் பிறகுதான் என்று அகூன்யா திரும்பத் திரும்பச் சொன்னது பள்ளி ஆசிரியராக இருந்த அனுபவத்திலிருந்து. ஒரு செமஸ்டருக்கு 160க்கும் மேற்பட்ட வகுப்புப் பிரிவுகள் என்பது அவரே பிற்காலத்தில் பெருமையாகச் சொன்ன எண். நாட்டிலேயே மிகப் பெரிய சிகானோ ஆய்வுத் துறை அது என்பதில் பெரிதாக யாரும் தகராறு செய்வதில்லை.

யாரை எடுப்பது

பாடம் எழுதியாயிற்று, நடத்த ஆள் எங்கே? முனைவர் பட்டத்தை மட்டும் தகுதியாக வைத்தால் துறை ஆளில்லாமல் மூடிவிடும். ஆகவே முதுகலையோடு வந்தவர்களையும், இயக்கத்திலிருந்து வந்தவர்களையும், கலைஞர்களையும் எடுத்தார்கள். ஆள் எடுக்கும் பேச்சில் மாணவர்களுக்கும் இடம் இருந்தது. இதனால் சில நல்லது நடந்தது. ஃபெர்மின் எர்ரேரா அங்கே பல்லாண்டு நாவாட்டில் மொழி கற்பித்தார். ஆஸ்டெக்குகளின் அந்த மொழியை இளங்கலை மாணவர்கள் படிக்க முடிந்த இடங்கள் நாட்டிலேயே அதிகமில்லை.

கெட்டதும் நடந்தது, அதையும் இங்கே வைத்தாக வேண்டும். லாங் பீச் வளாகத்தில் சிகானா (சிகானோ என்பதன் பெண்பால்) மாணவியர் இதழை நடத்திய ஆனா நியேத்தோ கோமெஸ் 1970களின் தொடக்கத்தில் நார்த்ரிட்ஜ் துறையில் சேர்ந்தார். இயக்கத்துக்குள் பெண்களின் இடம் என்ன, தலைவன் மேடையில் பேச, உணவு சமைப்பதும் தட்டச்சு செய்வதும் ஏன் எப்போதும் பெண்ணின் வேலையாகிறது என்று கேட்டவர் அவர். சிகானாக்களைப் பற்றிய பாடங்களை உருவாக்கினார், 'என்குவென்ட்ரோ ஃபெமெனில்' என்ற ஆய்விதழைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். 1976இல் அவருக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. அவருடைய பெண்ணியம்தான் காரணம் என்று ஆதரவாளர்கள் குற்றம் சாட்டினார்கள். சச்சரவு வளாகத்துக்கு வெளியேயும் பரவியது, கடைசியில் அவர் கல்விப்புலத்தை விட்டே வெளியேறினார். வெள்ளை நிர்வாகம் தங்களைத் தகுதி என்ற பெயரில் வெளியே நிறுத்தியது என்று சொல்லிப் பிறந்த ஒரு துறை, ஏழே ஆண்டில் தன் கேள்விகளுக்கு முன்னோடியான ஒரு பெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் போனது. இதைக் காலத்தின் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. துறையின் பெயரிலும் பாடப் பட்டியலிலும் 'சிகானா' என்ற சொல் ஏறியதில் அந்தத் தலைமுறைப் பெண்களின் இழப்பும் சேர்ந்திருக்கிறது.

புத்தகம்

துறை நடக்க ஆரம்பித்ததும் இன்னொரு இல்லாமை தெரிந்தது: வகுப்பில் வைக்கப் பாடநூல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கென அகூன்யா முதலில் சில நூல்கள் எழுதினார். 1972இல் 'ஆக்குபைட் அமெரிக்கா' வந்தது. தென்மேற்கு அமெரிக்கா கைப்பற்றப்பட்ட நிலம், அங்குள்ள மெக்சிகர்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு காலனியின் மக்கள் என்பது அதன் முதல் பதிப்பின் வாதம். பழைய வரலாற்று நூல்களில் 'குடியேறி முன்னேறியவர்கள்' என்ற வரிசையில் கடைசியாக வந்து நின்றவர்களை, அந்தப் புத்தகம் வரிசையிலிருந்தே வெளியே எடுத்தது.

1981இல் வந்த இரண்டாம் பதிப்பில், உள்நாட்டுக் காலனி என்ற சட்டகம் 20ஆம் நூற்றாண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்பதை அவரே மறுபரிசீலனை செய்தார். 19ஆம் நூற்றாண்டுப் பகுதியில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் தளர்த்தினார். அவரைப் பிரசாரகர் என்று தள்ளுபவர்கள் இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவரை வழிபடுகிறவர்களும் பேசுவதில்லை.

சான்டா பார்பரா

1990களின் தொடக்கத்தில் யூசி சான்டா பார்பராவின் சிகானோ ஆய்வுத் துறையில் ஒரு பேராசிரியர் பதவிக்கு அகூன்யா விண்ணப்பித்தார். பாட நேரம் குறைவு, ஆய்வுக்கு வசதி அதிகம், மாநிலக் கல்வி ஏணியின் மேல் படி. நிராகரிக்கப்பட்டார். அவருடைய எழுத்து ஆய்வு அல்ல, வாதப்பிரசாரம் என்ற தோரணையில் மதிப்பீடுகள் எழுதப்பட்டிருந்தன. 1992இல் வழக்குத் தொடுத்தார். இனம், அரசியல், வயது மூன்றையும் காரணமாகச் சொன்ன வழக்கில் ஜூரியின் முன் போய்ச் சேர்ந்தது வயது மட்டும். 1995 அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி, வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு நடந்தது உண்மை என்று தீர்ப்புச் சொல்லி, 3,26,000 டாலர் இழப்பீடு விதித்தது. அவரைப் பணியில் சேர்க்கும்படி உத்தரவிட நீதிபதி மறுத்துவிட்டார். இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு, கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டை எதிர்த்து வழக்காடுபவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை அமைத்தார்.

இந்த வழக்கைத் தனிமனித வீரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் தெரிவது இரண்டு வகைப் பல்கலைக்கழகங்களின் மோதல். அகூன்யா நார்த்ரிட்ஜில் எதை வைத்துத் துறையைக் காப்பாற்றினாரோ, அதற்கு யூசி தராசில் எடை குறைவு. அதிகப் பாடவேளை, முதலாண்டு வகுப்பு, சமூக அமைப்புகளோடு கூட்டு, செய்தித்தாளில் கட்டுரை எதுவும் அங்கே தகுதிப் பட்டியலில் மேலே வராது. அந்தத் தராசு அவருக்கு முன்பும் ஆளை நிறுத்திப் பார்த்திருக்கிறது. சான்டா பார்பராவில் அந்தத் துறையை ஆரம்பித்துவைத்த வரலாற்றாசிரியர் ஹெசூஸ் சவாரியாவுக்கு 1970களின் நடுவிலேயே நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. அவர் போய் வணிகப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி நன்றாகவே நடத்தினார் என்பது வேறு கதை.

பின்னால் வந்தவை

2010இல் அரிசோனா மாநிலம், ஒரு குறிப்பிட்ட இன மாணவர்களுக்கென வடிவமைத்த பாடங்களைப் பள்ளியில் தடை செய்யும் சட்டம் போட்டது. குறி, டூசான் நகரப் பள்ளிகளில் நடந்த மெக்சிகன் அமெரிக்கப் பாடத்திட்டம். 2012 ஜனவரியில் பாடங்கள் நிறுத்தப்பட்டு வகுப்பறைகளிலிருந்து புத்தகங்களை அகற்றியபோது 'ஆக்குபைட் அமெரிக்கா'வும் பெட்டிக்குள் போனது. 80 வயதை நெருங்கியிருந்த அகூன்யா டூசானுக்குப் போய் அங்குள்ள ஆசிரியர்களோடு நின்றார். 2017இல் நீதிபதி வாலஸ் தஷிமா, அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது இனப்பகை என்று கண்டு, அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்.

அதே 2017இல் நார்த்ரிட்ஜுக்கு உள்ளேயே ஆபத்து வந்தது, அதுவும் போலீஸ் வண்டியில் வரவில்லை, சுற்றறிக்கையாக வந்தது. எல்லா வளாகங்களிலும் பொதுப்பாட விதிகளை ஒரே மாதிரியாக்க வேண்டும் என்று மாநிலப் பல்கலைக்கழகத் தலைமையகம் 1100 என்ற எண்ணுள்ள ஆணை அனுப்பியது. நார்த்ரிட்ஜில் ஒப்பீட்டுப் பண்பாட்டுக்கென்று ஒரு தனிப் பிரிவு பொதுப்பாடத்தில் இருந்தது. அது போனால் சிகானோ, கறுப்பின, ஆசிய அமெரிக்க, பாலினத் துறைகளின் வகுப்புகளில் பெரும்பகுதி காலியாகும். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், ஆசிரியர் செனட் ஒத்துழைக்க மறுத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு பாடப்பிரிவுக்காக ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று தோன்றியிருக்கலாம். துறையின் அடித்தளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது.

2020 ஆகஸ்டில் திசை மாறியது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் இன ஆய்வில் மூன்று யூனிட் படித்திருக்க வேண்டும் என்று ஏபி 1460 சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் ஷெர்லி வெபர். அரசியலுக்கு வருமுன் சான் டியாகோ ஸ்டேட்டில் கறுப்பின ஆய்வுத் துறையைக் கட்டி வளர்த்த பேராசிரியை, ஆகவே மூன்று யூனிட்டின் மதிப்பு அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1969இல் ஒரு வளாகத்தில் ஒருவர் அலுவலக விதிகளுக்குள் தேடித் தேடிக் கண்டெடுத்த வழி இப்போது மாநிலச் சட்டமாகிவிட்டது.

அதற்காக நார்த்ரிட்ஜ் துறை நிம்மதியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பெருந்தொற்றுக்குப் பிறகு அந்த வளாகத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் இன்று வளாகத்தில் பாதிக்கு மேல் இருந்தும், மொத்தத் தலை குறைந்தால் யூனிட் குறைகிறது, யூனிட் குறைந்தால் வகுப்புப் பிரிவுகள் வெட்டப்படுகின்றன. வெட்டு முதலில் விழுவது செமஸ்டருக்குச் செமஸ்டர் ஒப்பந்தத்தில் பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் மேல். முதலாண்டுக் கட்டுரைப் பாடத்தைப் பெரும்பாலும் நடத்துவது அவர்கள்தான்.